என் வயிற்றைத் தைத்த நூல்

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. வளர்த்தது ஏழு பேர். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப் போனது. ஏழு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதனால் எழுத்து கோணலாக இருக்கும். சொல்கிற விஷயம் நேராக இருக்கும்.

என் வயிற்றுத் தையலைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கல்பாக்கம் போகிற பஸ்ஸில் ஒருத்தி என்னிடமே சொன்னாள், சட்ராஸில் ஒரு கிழவிக்கு மீன் வலையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்களாம் என்று. அந்தக் கிழவி நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. முழுசாகக் கேட்டுக்கொண்டேன். இறங்கும்போதுதான் நினைத்தேன், இதை நானே எழுதிவிட வேண்டும் என்று.

சட்ராஸ் என்கிற சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குக் கிழக்கே, கரையில் எங்கள் வீடு. கரையில் மீன் எடுத்து, பஸ் பிடித்து கோவளம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் போய், அடுக்குமாடி வீடுகளின் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து விற்பேன். முப்பது வருஷமாக மீன் விற்பதுதான் என் வேலை. மிச்ச நேரத்தில் வலை கட்டுவேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு கையில் இரண்டு விரல் மடங்காது. ஆகையால் கல்யாணமான மறு மாதமே எங்கள் வலையில் கிழிசல் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. பருத்தி நூல், பிறகு நைலான் நூல், பிறகு தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ், எல்லாம் இந்தக் கையில் ஓடியிருக்கிறது. நூலைப் பற்றி என்னிடம் யாரும் கதை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் சங்கரா மீன் நிறுத்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினது மாதிரி ஒரு வலி. வாங்க வந்த அம்மாவுக்கு மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் சாய்ந்தேன். என் பெரிய மகன் வேன் ஓட்டுகிறான், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன். அதே வேனில் வந்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனான். இரைப்பையில் ஓட்டை என்றார்கள். முட்டி வலிக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு, மேலே ஒரு டீயைக் குடித்துவிட்டு ஓடுவேன். அது ஓட்டை போட்டுவிட்டது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை கிழித்து, ஓட்டையை அடைத்து, மறுபடி தைத்தார்கள்.

கண் விழித்த மூன்றாவது நாள் பெரியவன் வந்து கட்டில் ஓரத்தில் நின்றான்.

"ம்மா, உன் கூடைய தூக்கி பரண் மேல போட்டுட்டேன்."

"யார கேட்டு போட்ட?"

"யார கேக்கணும்? வயித்த ரெண்டா பொளந்து தெச்சி கீது. இன்னும் கூடைய தூக்குவியா நீ? வூட்ல குந்திகினு டிவி பாரு."

அவன் கூடை என்றது என் அலுமினிய அன்னக்கூடையை. அதில்தான் ஏழு பேரையும் வளர்த்தேன். எனக்குப் பேச மூச்சு இல்லை, இருந்தாலும் விடவில்லை.

"டாக்டரு இன்னா சொல்றாங்களோ அதான். அவங்க தூக்குன்னா தூக்குவேன். நீ சொல்லி நான் குந்த மாட்டேன்."

எனக்கு ஆப்பரேஷன் செய்தது ஒரு பெண் டாக்டர். என் கடைசிப் பெண்ணின் வயது இருக்கும். அவர் ரவுண்ட்ஸ் வந்தபோது பெரியவன் முன்னாலேயே கேட்டேன். மூணு மாசம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். "அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பார்க்கலாம். ஆறாவது மாசம் வாங்க. உள்தையல் உறுதியா இருந்தா தூக்கலாம். பிரிஞ்சு வயிறு புடைச்சிருந்தா, அவ்வளவுதான்மா, எடையே ஆகாது."

"கேட்டுக்கினியாடா?" என்றேன். "தையலு நின்னா கூடை கீழ எறங்கணும்."

"நின்னா எறக்குறேன். பிரிஞ்சா அத்த பழைய அலுமினியத்துக்குப் போட்டுடுவேன்."

"போடு."

இப்படி என் பிழைப்பு மொத்தமும் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்ன நூல் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். வெளியே போட்ட தையலைக் காட்டினார். அதுவல்ல, உள்ளே போட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே போனவர், அடுத்த நாள் நிஜமாகவே ஒரு கவரில் சாண் அளவு நூலைக் கொண்டுவந்தார். கறுப்பாக, வழவழவென்று இருந்தது. விரலில் சுற்றினேன். விட்டதும் விறைத்துக்கொண்டு நின்றது. நுனியைக் கடித்துப் பார்த்தேன்.

"இன்னாம்மா, தங்கூஸ இல்ல போட்டு தெச்சிருக்க?"

"தங்கூஸ்னா?"

"தூண்டிலுக்கு கட்டுறது. நைலானு."

"நைலான்தாம்மா. ஆனா ஆப்பரேஷனுக்குன்னே கிருமி இல்லாம செஞ்சது. இது கரையாது."

"கரையாதுன்னு எனக்குத் தெரியும். எத்தன முடிச்சு போட்ட?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். "இத யாரும் என்னைக் கேட்டதே இல்ல" என்றார். "மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே ஓட்டம். ரெண்டு கோடியிலயும் முடிச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஆறு சுத்து."

"அது போதும். இது வழுக்கும். பருத்தி மாதிரி ரெண்டோட நிக்காது."

"தெரிஞ்சுதான் ஆறு போட்டேன்."

"முடிச்சு நுனிய எவ்ளோ வுட்டு நறுக்கின? ஒட்ட நறுக்கினா அவுந்துக்கும். நீளமா வுட்டா குத்தும்."

"அம்மா, நீங்க நாளைக்கே ஆப்பரேஷன் தியேட்டருக்கு வேலைக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலில் இருந்தது செங்கல்பட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் ஒரு பாய் வீட்டம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவள். குடலில் அடைப்பு வந்து அவளுக்கும் வயிற்றைத் திறந்திருந்தார்கள். வேறு டாக்டர், வேறு நூல். அவளுக்குப் போட்டது ஊதா நிறத்தில் இருக்குமாம், ஆறேழு மாதத்தில் தானாகவே கரைந்துபோகுமாம். அதை அவள் புதுச்சேலை வாங்கினவள் மாதிரி சொன்னாள்.

"உனக்கு பழைய காலத்து நூல போட்டுட்டாங்கக்கா. எனக்கு போட்டது கரையுறது."

"கரையுற நூலு ஒரு நூலா? ஒரு ஜாக்கெட்ட தெச்சு குடுத்துட்டு, ஆறு மாசத்துல தையலு காணாம பூடும்னு சொன்னா எவ உன்கிட்ட வருவா?"

"ஜாக்கெட்டுக்கு சதை வளருதாக்கா?"

"பேச்ச மாத்தாத."

"நீ மண்ணுக்குள்ள போனாலும் அந்த நூலு அப்படியே கெடக்கும் பாரு."

"கெடக்கட்டும். ஒழைச்ச நூலு, கெடந்துட்டுப் போவட்டும்."

சிரித்தால் இரண்டு பேருக்கும் தையல் இழுக்கும். தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு சிரிப்போம். டாக்டரிடம் பஞ்சாயத்து வைத்தோம், எது நல்ல நூல் என்று. "ரெண்டும் நல்ல நூல்தான். தைக்கிற கையும் ஒழுங்கா இருக்கணும், தைச்சுக்கிட்டவங்களும் ஒழுங்கா இருக்கணும்" என்று தீர்ப்பு சொன்னார். இருவருமே ஜெயித்ததாக வைத்துக்கொண்டோம். வீட்டுக்குப் போகும்போது அவள் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்தாள்.

வாரம் தவறாமல் பேசுவாள். எடுத்ததும் வணக்கம் கிடையாது. "வயிறு மூடிகினு கீதா, தொறந்துகிச்சா?" என்பாள். "உன் நூலு கரைஞ்சிடுச்சா?" என்பேன்.

மூன்று மாதமும் டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து மீறவில்லை. வீட்டில் குடத்தைத் தொட்டால் மருமகள் பிடுங்கிக்கொள்வாள். மூக்கைச் சிந்தக்கூட ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பெரியவனின் டிவியை ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பரணில் கூடையின் விளிம்பு மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரைப் பார்த்தேன். இரண்டு கிலோவில் ஆரம்பியுங்கள், வாரத்துக்கு அரை கிலோ ஏற்றுங்கள் என்றார். எங்கள் ஊரில் மணலுக்கா பஞ்சம். ஒரு பையில் மணலைப் போட்டு, மீன் நிறுக்கிற என் தராசிலேயே நிறுத்தேன். காலையில் கோட்டைச் சுவர் வரை தூக்கிக்கொண்டு நடந்து திரும்பி வருவேன். வந்ததும் சுவரில் சாய்ந்து, தழும்பின் மேல் கையை வைத்து இருமிப் பார்ப்பேன். எங்கேயாவது புடைக்கிறதா என்று விரல் தேடும். புடைக்கவில்லை. கரையில் இருக்கிற ஆம்பளைகள் கேலி செய்வார்கள். "இன்னா ஆயா, மணல வித்துகினு வர்றியா?" என்று ஒருத்தன் கேட்டான். "உன் மூளைக்கு எடைக்கு எடை போட எடுத்துகினு போறேன்டா, கொஞ்சந்தான் வேணும்" என்றேன். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

மூன்றரை, நாலு, நாலரை. ஐந்து கிலோவுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. குளிக்கும்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே, தழும்பின் தலைப்பில், முள் மாதிரி ஏதோ விரலில் தட்டியது. எனக்கு உடம்பில் சதை குறைவு. தோலுக்குக் கீழே மேல் முடிச்சு அரிசி மணி மாதிரி இருப்பது முன்பே தெரியும். இப்போது அந்த முடிச்சின் நுனி தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. கறுப்பாக, பூனை மீசை மாதிரி.

பெரியவனிடம் சொன்னால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். தையல் பிரிகிறது, அன்னக்கூடையைப் பழைய அலுமினியத்துக்குப் போடு. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தங்கூஸ் முடிச்சை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? வலையில் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அதை நறுக்குவோம். நறுக்கினதோடு விட்டால் வழுக்கி அவிழ்ந்துவிடும். எரிகிற ஊதுவத்தியை நுனியில் தொட்டால் அது உருகி ஒரு சின்ன மணியாக உருண்டுகொள்ளும். அப்புறம் யார் இழுத்தாலும் வராது. ஆயிரம் முடிச்சு அப்படிப் போட்டிருக்கிறேன்.

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்தினேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நகம்வெட்டியால் நுனியை நறுக்கி, சாமிக்கு ஏற்றின ஊதுவத்தியை எடுத்துத் தொட்டேன். மணி உருண்டது. அழகாகத்தான் உருண்டது. ஆனால் வலைக்குத் தோல் கிடையாது, எனக்கு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சுட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, வேலை முடிந்தது என்று மணல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நாலாவது நாள் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுட்டது. ஐந்தாவது நாள் சீழ் கட்டிவிட்டது. தையல்காரி போன் செய்தாள்.

"வயிறு மூடிகினு கீதா, தொறந்துகிச்சா?"

அன்றைக்கு நான் அவள் நூலைக் கேட்கவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊதுவத்தியாக்கா வெச்ச?"

"சிரிக்காத."

"சிரிக்கலக்கா, பயமா கீது. ஒரே ஓட்டத் தையல்னு சொன்னாங்கல்ல? அரிசி மூட்ட வாயி பாத்திருக்கியா? ஒரு கோடிய அவுத்து இழுத்தா சர்ருனு மொத்தமும் வரும். நீ இன்னிக்கே கெளம்பி வா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

அவள் அரிசி மூட்டையைச் சொன்னதும் ஒரு துண்டை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். செங்கல்பட்டு வரும் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் அவள் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் பார்த்தார். தோலில் இருந்த வட்டமான கறுப்புச் சுட்ட அடையாளத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இது என்னம்மா?"

"முடிச்சு நுனி நீட்டிகினு இருந்திச்சு. நறுக்கிட்டு ஊதுவத்தி வெச்சேன். அவுறக் கூடாதுல்ல."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனையோ பேருக்கு முடிச்சு குத்தியிருக்கு. ஒல்லியா இருக்கிறவங்களுக்கு வரும். உடனே என்கிட்ட வந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. இப்ப புண்ணையும் பார்க்கணும், சீழையும் எடுக்கணும்." பிறகு சொன்னார், "மரத்துப்போற ஊசி போட்டு அந்த முடிச்சை எடுத்துடுறேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"முடிச்ச எடுக்கக் கூடாது."

"ஏம்மா?"

"ஏன்னா கேக்குற? ஒரே ஓட்டம்னு நீதான சொன்ன? மேல் முடிச்ச எடுத்தா கீழ வரிக்கும் உருவிகினு பூடும். ஆறாவது மாசம் கூட வரலியே. நான் கூடைய தூக்கணும்."

"முடிச்சு அங்க இருந்தா சீழ் நிக்காது. எடுத்தே ஆகணும்."

"அப்போ புதுசா ஒண்ணு போடு."

டாக்டர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வலைக்கு நூலைத் தவிர வேற என்னம்மா இருக்கு? நூல் போச்சுன்னா வலையே போச்சு. உங்க வயிறு அப்படியில்ல. வெட்டின ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிச்சிக்கத்தான் நூல். உள்ள சதை வளர்ந்து ஒட்டிக்கிற வரைக்கும் அதுக்கு வேலை. அஞ்சு மாசம் ஆச்சு. இப்ப உங்களைப் பிடிச்சிக்கிட்டு இருக்கிறது உங்க சதை. நூல் சும்மா உள்ள கிடக்கு."

தையல்காரி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லையா என்று வாயால் சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது. ஜாக்கெட்டுக்குச் சதை வளருதாக்கா என்று ஐந்து மாதத்துக்கு முன்பே கேட்டவள் அவள். அவள் சொன்னதுதான் சரி, நான்தான் காதில் வாங்கவில்லை. நூலே கதி என்று இருந்த எனக்கு, என் உடம்பும் கூடவே வேலை செய்துகொண்டிருந்தது தெரியவில்லை.

படுத்தேன். ஊசி போட்டார்கள். சீழை எடுத்துக் கழுவினார்கள். டாக்டர் இடுக்கியால் எதையோ பிடித்தபோது உள்ளே ஒரு சின்ன இழுப்பு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கத்தரி ஒரு தடவை சத்தம் போட்டது. கீழே வரை உருவிக்கொண்டு போகப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் போகவில்லை.

"எழுந்து உக்காந்து இருமுங்க" என்றார் டாக்டர். அவர் விரல் என் தழும்பின் மேல் இருந்தது.

இருமினேன்.

"இன்னும் பலமா."

மீன் விற்கிற தொண்டையால் இருமினேன். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் விரலுக்குக் கீழே பலகை மாதிரி இருந்தது. எங்கேயும் விடவில்லை. என் கையையும் எடுத்து வைத்துக் காட்டினார்.

"கல்லு மாதிரி கீதுக்கா" என்று தையல்காரி தானும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

எடுத்த முடிச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு சுற்றும் சரியாக இருந்தது. நுனியில் நான் உருட்டின மணி. டாக்டர் போட்ட முடிச்சும் நிற்கிறது, நான் வைத்த சூடும் நிற்கிறது. இரண்டு வேலையிலும் குறையில்லை. இடம்தான் தப்பு.

வீட்டுக்கு வந்து பெரியவனிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒளித்தால் அவன் பேச்சு ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அவன் பத்து நிமிஷம் கத்தினான். "சாமிக்கு வெச்ச ஊதுவத்திய வயித்துல வெச்சிகினியே, உனக்கு அறிவு கீதாம்மா?" என்றான். "கத்தி முடிச்சிட்டியா? ஆறாவது மாசம் நீயும் கூட வா" என்றேன்.

புண் ஆற மூன்று வாரம் ஆனது. அதுவரை மணல் பையைத் தொடவில்லை. ஆறினதும் விட்ட இடத்திலிருந்து இல்லை, மறுபடி இரண்டு கிலோவிலிருந்தே ஆரம்பித்தேன். ஆறாவது மாதம் அவனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு இருமினேன், எழுந்தேன், குனிந்தேன். டாக்டர் நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, உறுதியாக இருக்கிறது, மெதுவாக ஏற்றிப் பத்து கிலோ வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். நான் முன்பு இருபத்தைந்து தூக்கினவள். பன்னிரண்டு கேட்டுப் பார்த்தேன். பத்து என்றார். ஒத்துக்கொண்டேன்.

பெரியவன் வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அன்னக்கூடையை இறக்கினான். தூசியைத் தட்டி, புளி போட்டு அவனே தேய்த்தான்.

"ஐஸ் பொட்டி நீ தூக்கக் கூடாது. ஆட்டோக்காரன் எறக்கிக் குடுப்பான், நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

"சரிடா" என்றேன். அந்த ஒன்றை விட்டுக் கொடுத்தேன்.

மணலில் பத்து வர இன்னும் நாலு மாதம் பிடித்தது. போன திங்கட்கிழமை பத்து கிலோ கவளை மீனும் சங்கராவுமாக எடுத்தேன். கரையில் என் பக்கத்து வீட்டுக்காரியும் அன்றைக்கு மணலைக் கேலி செய்தவனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். சும்மாட்டின் மேல் கூடை உட்கார்ந்தது. கழுத்துக்கு எடை தெரிந்தது. வயிறு சும்மா இருந்தது. கேளம்பாக்கத்தில், நான் சாய்ந்த அன்றைக்கு மீன் வாங்கின அம்மா என்னைப் பார்த்துவிட்டு, எங்கே போயிருந்தீர்கள் இத்தனை நாள் என்று கேட்டார். வயிற்றைத் தைக்கக் கொடுத்திருந்தேன் என்றேன்.

தையல்காரியின் நூல் முழுசாகக் கரைந்திருக்கும் என்று அவள் டாக்டர் சொன்னாராம். அவள் வயிறும் மூடிக்கொண்டுதான் இருக்கிறது. என் நூலில் ஒரு முடிச்சு போக மீதி உள்ளேயே கிடக்கிறது. கிடக்கட்டும். இனிமேல் வயிற்றைத் தைத்துக்கொள்ளப் போகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த நூல் என்று டாக்டரைக் கேளுங்கள், அது உங்கள் வயிறு. சொன்ன மாதம் வரை எடையைத் தொடாதீர்கள். நுனி வெளியே வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலையில் செய்வதை வலையோடு வையுங்கள்.

இவ்வளவுதான். பெரியவனின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். வா கண்ணு, இந்த நோட்டைப் படி. எழுத்து தப்பாக இருந்தால் திருத்து, சொன்னது எதையும் திருத்தாதே. இரு, அந்தச் செங்கல்பட்டு அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொள்கிறேன். அவள் சொன்னது சரி என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன், நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடத்தைச் சத்தமாகப் படி.